தெளிவின்மையின் ஆறு முகங்கள்: ஆங்கிலப் பண்புச் சொற்களும் தமிழ் விடை மரபும்

முன்னுரை

அகதித் தகுதி கோருபவரின் நம்பகத்தன்மை வினாவுக்குள்ளாகும்போது, அவரை நேரில் அழைத்து வாய்மொழியாகக் கேட்ட பின்னரே முடிவு செய்யவேண்டும் என்னும் நெறியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்பிரல் 4ஆம் நாள் சிங் வழக்கில் நிலைநாட்டியது. 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்க்கு இத்தீர்ப்பு பெரும் காப்பாக அமைந்தது. அதேவேளை அது மற்றொரு நிலைமையையும் தோற்றுவித்தது. ஒருவர் என்ன சொன்னார் என்பதோடு, எப்படிச் சொன்னார் என்பதும் அவருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் கூறாயிற்று.

விசாரணையில் வினா ஆங்கிலத்தில் எழுகின்றது. விடை தமிழில் பிறக்கின்றது. உரைபெயர்ப்பாளர் வழியாக அது ஆங்கிலமாகின்றது. இறுதியில் எழுதப்படும் முடிவுரையில் அவ்விடையின் இயல்பைக் குறிக்கும் சொற்கள் இடம்பெறுகின்றன. 'வேக்', 'அம்பிகுவஸ்', 'அப்ஸ்கியூர்', 'இக்விவகல்', 'இன்டிரெக்ட்', 'இவேசிவ்' என்பன அவற்றுட் சில. தமிழில் இவற்றை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் 'தெளிவற்ற' என்னும் ஒரே சொல்லையே நாடுகின்றனர். ஆனால் இவ்வாறு சொற்களும் ஒரே குறையைச் சுட்டுவன அல்ல. ஒவ்வொன்றும் குறையை வெவ்வேறிடத்தில் வைக்கின்றது. சில சொற்பொருளின் எல்லையிலும், சில சொல்லமைப்பிலும், சில கேட்பவரின் அறிவிலும், ஒன்று மட்டும் பேசுபவரின் உள்ளத்திலும் குறை காண்கின்றன. இவ்வேறுபாட்டை விளக்குவதும், தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு பொருத்தமான தமிழாக்கங்களை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. 'வேக்': எல்லை தெளியாமை

'வேக்' என்னும் சொல் 'அலைந்து திரிகின்ற' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓரிடத்தில் நிலைகொள்ளாத பொருளே இதன் அடிப்படை. ஒரு சொல் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று வரையறுக்க இயலாதபோது இச்சொல் பொருந்தும். பண்டைக் கிரேக்கரின் குவியற் புதிர் இதற்குத் தக்க விளக்கமாகும். மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே வந்தால் எந்த மணியை எடுத்தபோது அது குவியல் என்னும் பெயரை இழக்கின்றது? விடை கூற இயலாமைக்குக் காரணம் நம் அறியாமை அன்று. 'குவியல்' என்ற சொல்லுக்கே கூரிய எல்லை இல்லை. 1923ஆம் ஆண்டில் இப்பொருள் குறித்துக் கட்டுரை எழுதிய பெர்ட்ரண்ட் ரசல், இத்தன்மை மொழி முழுவதையும் ஏதேனும் ஓர் அளவில் பற்றியிருப்பதை எடுத்துக்காட்டினார்.

சட்டத்துறையில் இக்கருத்து நடைமுறைப் பயன் பெற்றது. அரசுப் பணிகளை ஒப்பந்தத்திற்கு எடுப்போர், பணி நிகழும் வட்டாரத்தில் நடப்பிலுள்ள நாட்கூலிக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று ஒக்லகோமா மாநிலச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. வட்டாரம் என்பது எதுவரை? நடப்புக் கூலி பலவாக இருந்தால் எது? இவற்றுக்கு எல்லை காணமுடியாமையால் 1926ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதெனக் கொண்டது. அங்கே எவரும் எதையும் மறைக்கவில்லை. சொல் தன் எல்லையைக் காட்டவில்லை, அவ்வளவே.

சாட்சியம் பற்றிப் பேசும்போது 'வேக்' இன்னொரு பொருளையும் ஏற்கின்றது. எதிர்பார்த்த விவரம் இல்லாமை அது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் முதலாவதான 'குன்றக் கூறல்' இதற்கு மிக நெருங்கியது. ஆனால் எது விவரம் என்பதும் ஆராயத்தக்கது. 'தைப்பூசத்துக்கு மறுநாள்' என்று ஒருவர் கூறினால், பஞ்சாங்கம் அறிந்தவர்க்கு அது ஒரேயொரு நாளைச் சுட்டும் துல்லியமான குறிப்பு. அதனை 'தை மாத அளவில்' என்று உரைபெயர்த்தால், துல்லியமாகப் பிறந்த விடை பெயர்ப்பில் எல்லை இழந்துவிடுகின்றது. குறை பேசியவரிடம் தோன்றவில்லை, இடைவழியில் தோன்றியது.

2. 'அம்பிகுவஸ்': கவர்படும் பொருள்

ஒரு சொல்லோ தொடரோ எண்ணிக்கைக்குட்பட்ட தனித்தனிப் பொருள்களைத் தந்து, அவற்றுள் எது கொள்ளத்தக்கது என்று ஐயுற வைத்தால் அது 'அம்பிகுவஸ்'. இலத்தீனில் இதன் வேர், இருபுறமும் செலுத்துதல் என்னும் கருத்துடையது. பனிமூட்டத்தில் வழி மங்குவது 'வேக்' என்றால், வழி இரண்டாகப் பிரிவது 'அம்பிகுவஸ்'. ஒவ்வொரு வழியும் தன்னளவில் தெளிவானதே.

இங்கிலாந்தில் 1864ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட வழக்கொன்று இதனைத் தெளிவாகக் காட்டும். பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்னும் கப்பலில் வரும் சூரத்துப் பருத்தியை வாங்குவதாக ஒப்பந்தம். அப்பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று ஒக்டோபரிலும் மற்றது டிசம்பரிலும் புறப்பட்டன. வாங்குபவர் முன்னதையும் விற்பவர் பின்னதையும் கருதினர். ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாதென நீதிமன்றம் கொண்டது. இங்கே விவரக் குறைவில்லை, பொய்யும் இல்லை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

இலக்கியத்தில் இத்தன்மை குற்றமாகாமல் அழகாகவும் அமையும். வில்லியம் எம்ப்சன் 1930இல் வெளியிட்ட நூலில் இதனை ஏழு வகையாகப் பகுத்து, கவிதையின் செறிவுக்கு இது காரணமாவதை விளக்கினார். தமிழ் மரபு இதனை நெடுங்காலம் முன்பே இரண்டாகப் பிரித்தறிந்தது. வேண்டுமென்றே இருபொருள்படச் சொல்வது 'இரட்டுற மொழிதல்', அது அணி. பொருள் துணியமுடியாதபடி விடுவது 'மயங்க வைத்தல்', அது குற்றம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது புதிய கவர்கள் தோன்றுவதுண்டு. 'அவர்கள் வந்தார்கள்' என்பது பலரையும் குறிக்கும். மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். 'அவர்' என்பது ஆணா பெண்ணா என்று காட்டாது. ஆங்கிலமோ ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு உரைபெயர்ப்பாளரை நெருக்குகின்றது. உறவுப்பெயர்களும் இத்தகையன. பெரியப்பாவின் மகனும் 'அண்ணன்', உடன்பிறந்தவரும் 'அண்ணன்'. தமிழர் வழக்கில் அது பிளவுபடாத ஒரே உறவுநிலை. ஆங்கிலத்தில் அது இரண்டு சொற்களாகப் பிரிகின்றது. முதல் விசாரணையில் உடன்பிறந்தவர் என்றும், அடுத்ததில் ஒன்றுவிட்ட சகோதரர் என்றும் பெயர்க்கப்பட்டால், எழுத்தில் அது முரண்பாடாகத் தோன்றும். சொன்னவர் இரு தடவையும் ஒரே சொல்லையே சொல்லியிருப்பார்.

3. 'அப்ஸ்கியூர்': இருண்மை

'அப்ஸ்கியூர்' என்பதன் இலத்தீன் மூலம் 'இருண்ட' என்று பொருள்படும். தமிழ்த் திறனாய்வில் 'இருண்மை' என்னும் சொல் இதற்கு நிலைபெற்றுள்ளமை பொருத்தமே. கிரேக்க மெய்யியலறிஞர் ஹெராக்ளிட்டசை அவருடைய பண்டைய வாசகர்கள் 'இருண்டவர்' என்றே அழைத்தனர். இச்சொல் ஒரு தொடர்பைக் குறிக்கின்றது. ஒருவர்க்கு இருண்டது பிறிதொருவர்க்கு ஒளியுடையதாகலாம். உரையில் பொருள் இருக்கின்றது. கேட்பவரிடம் அதைக் காண்பதற்குரிய விளக்கு இல்லை.

'வெள்ளை வான் வந்தது' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்க்கு அது ஆட்கடத்தலைக் குறிக்கும். மேலும் விளக்கம் வேண்டியதில்லை. அவ்வரலாறு அறியாதவர்க்கு அது ஓர் ஊர்தியின் நிறத்தைப் பற்றிய தேவையற்ற செய்தி. இத்தொடரில் எல்லை மங்கவில்லை. பொருள் கவர்படவும் இல்லை. வேண்டியது பின்னணி ஒன்றே. ஆகவே இங்கு 'வேக்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது தவறாகும்.

4. 'இக்விவகல்': இருபுறமும் சாய்தல்

'சமமான குரல்' என்னும் பொருளுடைய இலத்தீன் கூறுகளால் ஆனது 'இக்விவகல்'. தொடக்கத்தில் இது 'அம்பிகுவஸ்' என்பதற்கு ஏறத்தாழ நிகரானது. ஆயின் வரலாறு இதற்கொரு கறையை ஏற்படுத்தியது. 1605ஆம் ஆண்டு இலண்டன் வெடிமருந்துச் சதியின் தொடர்பில் யேசு சபைத் துறவி ஹென்றி கார்னெட் 1606இல் விசாரிக்கப்பட்டு மரணதண்டனைக்குள்ளானார். துன்புறுத்தும் அரசின் முன் பொய் சொல்லாமலும் உண்மையை வெளிப்படுத்தாமலும் இருபொருள்பட விடையளிக்கலாம் என்னும் கோட்பாடு அவ்வழக்கில் பெரிதும் பேசப்பட்டது. சேக்சுபியரின் 'மக்பெத்' நாடகத்தில் வாயிற்காவலன் இத்தகையோரை எள்ளுவது இவ்வழக்கையே சுட்டுகின்றது எனத் திறனாய்வாளர் பலர் கருதுவர். அதுமுதல் இச்சொல்லின் வினைவடிவம், ஏமாற்றும் நோக்குடன் இருபொருள்படப் பேசுதல் என்னும் குற்றச்சாட்டைச் சுமக்கின்றது.

பெயரடை வடிவமோ இன்றும் இருவாழ்வு வாழ்கின்றது. மருத்துவ ஆய்வுகூட அறிக்கையில் ஒரு சோதனை முடிவு 'இக்விவகல்' என்று குறிக்கப்பட்டால், நோய் உண்டென்றும் இல்லையென்றும் துணிய இயலவில்லை என்பதே பொருள். இரத்தத்துக்கு உள்நோக்கம் கிடையாது. ஆகவே அங்கே 'முடிவு துணியப்படாத' என்றும், மனிதரின் பேச்சைக் குறிக்குமிடத்து, சூழலை நோக்கி 'இருபுறமும் சாயும்' என்றும் பெயர்க்கலாம்.

5. 'இன்டிரெக்ட்', 'இவேசிவ்': நேரல்லாத விடையும் மழுப்பலும்

இவ்விரண்டையும் வேறுபடுத்துவதே இப்பொருளில் மிகவும் இன்றியமையாதது. 'இவேசிவ்' என்பதன் இலத்தீன் வேர் 'வெளியேறித் தப்புதல்' எனப் பொருள்படும். விடை தெரிந்தும் அதைத் தராமல் நழுவுவதையே அது குறிக்கும். பேச்சுவழக்கில் 'மழுப்புதல்', 'பிடிகொடாமல் பேசுதல்' என்பன இதற்கு நேரானவை. 'இன்டிரெக்ட்' என்பதில் அக்குற்றச்சாட்டு இல்லை. விடை நேர்வழியில் வராமல் வேறு வழியில் வருகின்றது; ஆனால் வந்துவிடுகின்றது.

தமிழ் இலக்கணம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையேயாகும் என்றும், விடை நேர்நெறியிலிருந்து விலகினும் கேட்ட பொருளோடு இயைபுடையதாயின் விலக்கத்தக்கதன்று என்றும் கொள்கின்றது. உரையாசிரியர்கள் நேர்விடையைச் 'செவ்வன் இறை' என்றும், விடையின் பயனைத் தருவதை 'இறை பயப்பது' என்றும் பெயரிட்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல் விடையை எட்டாக விரிக்கின்றது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படை. ஏவல், எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. எனினும் விடைகளாகவே ஏற்கப்படுகின்றன.

விளக்கத்தின்பொருட்டு அமைத்த ஓர் உரையாடலை நோக்கலாம். 'நீங்கள் பொலிசில் முறையிட்டீர்களா?' என்று விசாரணையாளர் கேட்கின்றார். 'எங்கள் ஊரில் ஆர் ஐயா பொலிசுக்குப் போவினம்?' என்பது விடை. இது எதிர்வினாதல், பொருள் 'முறையிடவில்லை' என்பது. வினா மீண்டும் வருகின்றது. 'தம்பியைக் கொண்டுபோனவையும் சீருடையோடதான் வந்தவை' என்கின்றார் அவர். இது உற்றது உரைத்தல். முறையிடாமையோடு அதற்குரிய காரணத்தையும் அது தருகின்றது. நன்னூலின் நோக்கில் இரு தடவையும் விடை கிடைத்துவிட்டது. 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதை எதிர்பார்த்திருந்தவரின் குறிப்பேட்டிலோ, ஒரே வினா இரு தடவை கேட்கப்பட்டும் விடை பெறப்படவில்லை என்று பதிவாகலாம். அங்கிருந்து 'இவேசிவ்' என்னும் சொல்லுக்கு ஓரடி தூரமே உள்ளது.

இதனைத் தமிழர்க்கே உரிய தனிப்பண்பு என்று கொள்வது பிழை. ஆங்கிலேயரும் இவ்வாறே பேசுகின்றனர். வண்டியில் பெற்றோல் தீர்ந்துவிட்டது என்பவரிடம், தெருமுனையில் எரிபொருள் நிலையம் இருப்பதைச் சொன்னால் அது போதிய மறுமொழியாகும் என்பதை போல் கிரைஸ் 1975இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். உரையாடலுக்குரிய நெறிகளைத் தொகுத்த அவரும், இருண்மையைத் தவிர்த்தலையும் கவர்பொருளைத் தவிர்த்தலையும் இரு வேறு நெறிகளாகவே வைத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. வேறுபாடு இனத்தில் இல்லை, களத்தில் உள்ளது. அன்றாடப் பேச்சு எண்வகை விடைகளையும் ஏற்கின்றது. விசாரணை மன்றம் செவ்வன் இறையை மட்டும் எதிர்பார்க்கின்றது. அவ்வெதிர்பார்ப்பை முன்கூட்டியே சாட்சிக்கு உணர்த்துவது முறை. உணர்த்தாமல் விட்டு, பின்னர் விடையின் வடிவத்திலிருந்து நேர்மையின்மையை ஊகிப்பது முறையாகாது.

ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 1979இல் வெளியிட்ட கையேடும் இத்தகைய எச்சரிக்கையைத் தருகின்றது. தம் நாட்டு அதிகாரிகளிடம் அஞ்சி வாழ்ந்த ஒருவர், வேறெந்த அதிகாரியின் முன்னும் தடையின்றிப் பேச அஞ்சக்கூடும் என்பதை அது நினைவூட்டுகின்றது. அச்சத்தால் சொல் சுருங்குவதும், தப்பும் நோக்குடன் நழுவுவதும் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கலாம். ஒத்திருப்பதாலேயே அவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் வேண்டியுள்ளன.

6. வேறுபடுத்தும் வழியும் தமிழாக்கமும்

எந்தச் சொல் பொருந்தும் என்பதைத் துணிய, அடுத்து என்ன செய்தால் தெளிவு பிறக்கும் என்று வினவுவது பயன்தரும். மேலும் விவரம் கேட்டால் தெளியுமாயின் உரை 'வேக்'. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் தெளியுமாயின் 'அம்பிகுவஸ்'. பின்னணியை விளக்கினால் தெளியுமாயின் 'அப்ஸ்கியூர்'. சான்று இருபுறமும் சமமாக நின்று துணிவு பிறக்கவில்லையாயின் 'இக்விவகல்'. சொன்னதிலிருந்தே விடையை உய்த்துணர முடியுமாயின் 'இன்டிரெக்ட்'. வினா விளங்கியிருந்தும், விடை தெரிந்திருந்தும், நேரான வடிவில் மீண்டும் கேட்கப்பட்டும் அவர் அதைத் தவிர்த்தார் என்று காட்டமுடிந்தால் மட்டுமே 'இவேசிவ்'. கடைசிச் சொல்லுக்கு மெய்ப்பிக்கவேண்டியவை மிகுதி. ஏனெனில் அது ஒன்றே பேச்சைக் கடந்து பேசுபவரின் உள்ளத்தைத் தீர்ப்பிடுகின்றது. நன்னூலின் பத்துக் குற்றங்களும் நூலின் குற்றங்களாகவே சொல்லப்பட்டுள்ளமையும் நோக்கத்தக்கது. குன்றக் கூறியவனைப் பொய்யன் என்று அம்மரபு சொல்வதில்லை.

இவ்வடிப்படையில் பின்வரும் தமிழாக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. 'வேக்' என்பதற்கு இடம் நோக்கி 'வரம்பு தெளியாத' அல்லது 'விவரம் குன்றிய'. 'அம்பிகுவஸ்' என்பதற்குக் 'கவர்பொருளுடைய'. 'அப்ஸ்கியூர்' என்பதற்கு 'இருண்மையான'. 'இக்விவகல்' என்பதற்கு 'இருபுறமும் சாயும்' அல்லது 'முடிவு துணியப்படாத'. 'இன்டிரெக்ட்' என்பதற்கு 'நேரல்லாத'. 'இவேசிவ்' என்பதற்கு 'மழுப்பலான'. 'இன்டிரெக்ட்' என்பதைச் 'சுற்றிவளைத்த' என்று பெயர்ப்பது தவிர்க்கத்தக்கது. அத்தமிழ்ச்சொல் இகழ்ச்சிக் குறிப்புடையது. 'தெளிவற்ற' என்னும் சொல்லை இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முடிவுரை

மறுக்கப்பட்ட கோரிக்கை ஒன்றின் முடிவுரை தமிழர் ஒருவரின் கையில் கிடைக்கும்போது, அதில் எந்தக் குறை தம்மீது சுமத்தப்பட்டுள்ளது என்பதை அவர் அறிந்தாலன்றி அதற்கு மறுமொழி கூறமுடியாது. விவரம் குன்றியது என்றால் விவரம் தரலாம். கவர்பட்டது என்றால் எப்பொருளைக் கருதினார் என்று கூறலாம். இருண்டது என்றால் பின்னணிச் சான்றுகளைச் சேர்க்கலாம். மழுப்பினார் என்பதே குற்றச்சாட்டாயின், தாம் அளித்தது விடைதான் என்று நிறுவவேண்டும். நான்குக்கும் 'தெளிவற்ற' என்றே விளக்கம் சொல்லப்பட்டால், எந்த வாயிலைத் தட்டுவது என்று அவர் அறியார்.

தெளிவு என்னும் கடமை பேசுபவர்க்கு மட்டும் உரியதன்று. 1991ஆம் ஆண்டில் கனடாவின் கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றம், ஹிலோ என்பவரின் வழக்கில் அகதிச் சபையின் முடிவைத் தள்ளியது. அவருடைய சாட்சியத்தின்மீது சபை ஐயத்தின் நிழலைப் படரவிட்டிருந்தது. நம்பவில்லை என்று வெளிப்படையாகக் கூறவில்லை. ஒருவரின் நம்பகத்தன்மையை மறுப்போர் அதற்குரிய காரணத்தை ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகக் கூறும் கடப்பாடுடையவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். மன்றத்தின் சொல்லையும் இவ்வாறு அளக்க இடமுண்டாயின், அச்சொற்களைத் தமிழர்க்கு எடுத்துரைக்கும் அகராதியாளரும் உரைபெயர்ப்பாளரும் மொழி ஆசிரியரும் அதே அளவுகோலைத் தம் பணிக்கும் ஏற்றுக்கொள்வது கடமையாகின்றது.